அண்ணி வரைந்த கூடம்

என் அண்ணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், "வாங்க, உட்காருங்க" என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் ஜன்னலைத் தேடிப் போய்விடும். அது எந்தப் பக்கம் இருக்கிறது, எதிர்ச் சுவரில் இன்னொன்று உண்டா, உண்டென்றால் ஏன் மூடிக் கிடக்கிறது. பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை, கேட்டும் விடுவாள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் "அந்தப் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினா இவ்வளவு புழுக்கம் இருக்காது" என்று சொல்லப்போய், அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்த கதை எங்கள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த வாரமே அவள் கைவைத்தது என் அம்மாவின் துணி அலமாரியில். அது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து நானும் அவளுமாகத் தள்ளி மூலைக்குக் கொண்டுபோனோம். அம்மா திரும்பி வந்து, "வந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள வீட்டையே தலைகீழா மாத்துறா" என்று தாம்தூம் என்று குதித்தாள். குதித்துவிட்டு, அன்று மத்தியானம் அதே அறையில் குறட்டை விட்டுத் தூங்கினாள். எழுந்ததும் திட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அலமாரி இன்னும் மூலையில்தான் இருக்கிறது.

அண்ணிக்கு வேலை நகராட்சியின் கட்டடப் பிரிவில். பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், பொதுக் கழிப்பறை, பேருந்து நிழற்கூடம் என்று நகராட்சி எதைக் கட்டினாலும் அதற்கு வரைபடம் போடுவது. வீட்டில் "படம் போடப் போறேன்" என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டுக் கேட்டு அண்ணன் மகள் பள்ளியில் போய் "எங்கம்மா படம் போடுவாங்க" என்று சொல்லிவைக்க, ஆண்டுவிழா மேடைக்கு மலையும் அருவியும் வரைந்து தரச்சொல்லி டீச்சர் ஆளனுப்பினார். இவளும் போய் வரைந்து கொடுத்தாள். மலைமேல் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளமும் போட்டிருந்தாள் என்று அண்ணன் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது பொய். ஆனால் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை. அலுவலகத்தில் அவளுக்கு 'ஜன்னல் மேடம்' என்று பெயர்.

நான் அவளுடைய நாத்தனார். கல்யாணம் செய்துகொண்டு கொஞ்ச காலம் வாழ்ந்து பார்த்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவள். அன்றிலிருந்து அண்ணன் வீடுதான் என் வீடு. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம் என்பார்கள். எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. ஆனால் ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தி சாப்பிட்டதில்லை. எங்கள் வார்டு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ்.

அந்தப் பழைய சுகாதார நிலையம் இருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு டயர் கடைக்கு மேலே, வாடகைக்குப் பிடித்த மாடி. ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு. பிள்ளைத்தாய்ச்சிகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறுவார்கள். ஏற முடியாதவர்களுக்கு நான் கீழே இறங்கிப்போய் டயர்களுக்கு நடுவே நின்று இரத்த அழுத்தம் பார்ப்பேன். மேலே இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். காய்ச்சல்காரர், இருமல்காரர், தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை எல்லோரும் அந்த ஒரே அறையில் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அண்ணியிடம் கொட்டித் தீர்ப்பேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பாள். பதில் சொல்லமாட்டாள். கேட்கிறாளா இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு முகப்பவுடர் டப்பாவோடு எங்கள் மாடிக்கே வந்து நின்றாள். உள்ளங்கையில் பவுடரைக் கொட்டி ஊதினாள், அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், இரண்டடி தள்ளிப்போய் மறுபடி ஊதினாள். நோயாளிகள் எல்லாம் தலையில் பவுடரோடு என்னைப் பார்த்தார்கள். "யாரும்மா அது, பாவம்?" என்று ஒருவர் கேட்டார். "தெரியலையே" என்றேன் நான்.

நகராட்சி, மாடிகளில் இருக்கும் சுகாதார நிலையங்களுக்குச் சொந்தக் கட்டடம் கட்டப்போகிறது, ஒரே மாதிரிப் படம் ஒன்று போட்டால் எல்லா வார்டுக்கும் ஆகும் என்று முடிவானபோது அந்தப் படம் அண்ணியிடம் வந்தது. அவள் எத்தனையோ கட்டடம் வரைந்திருக்கிறாள். ஆனால் இதற்குப் பட்ட பாடு மாதிரி எதற்கும் பட்டதில்லை. முதல் சண்டை வாசலைப் பற்றி. பழைய வழக்கப்படி முன்னால் படிக்கட்டு, சாய்தளம் பின்பக்கம் குப்பைத்தொட்டி ஓரமாக. "நடக்க முடியாதவன்னா அவன் திருட்டுத்தனமாவா உள்ள வரணும்?" என்று அண்ணி கேட்டு, படிக்கட்டையே எடுத்துவிட்டாள். எல்லோருக்கும் ஒரே சாய்வான வழி, முன்வாசலில். கழிப்பறைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழையும் அகலத்தில் கதவு. குடிதண்ணீர்க் குழாய் இரண்டு உயரத்தில். "பெரிய ஆஸ்பத்திரியில பணக்காரனுக்கு இருக்கிறது எதுவும் இங்க குறையக்கூடாது. இங்கதான் அதிகமா தேவை" என்பாள்.

எல்லாவற்றையும்விட அவள் உயிரை வைத்தது காத்திருக்கும் கூடத்தில். இந்த ஊரில் காற்று மேற்கிலிருந்து வரும். முதலில் கட்டுவதாக இருந்த இடத்தில் தெருவும் மேற்கே இருந்தது. அதனால் தெருப்பக்கம் வரிசையாக ஜன்னல் வைத்தாள். அந்த ஜன்னலை ஒட்டி நர்ஸ் மேஜை, தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளின் பெஞ்சு. இருமல்காரர்களின் பெஞ்சு எதிர்ப்பக்கம், பின்சுவர் ஓரமாக, அவர்கள் தலைக்கு மேலே அகலமான திறப்பு. காற்று முதலில் குழந்தைகளையும் நர்ஸையும் தொடும், பிறகு இருமல்காரர்களிடம் போகும், அவர்கள் மூச்சை எடுத்துக்கொண்டு பின்னால் வெளியே போய்விடும். நாற்காலி போட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் போட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று மேஜை, பெஞ்சு, கைகழுவும் தொட்டி எல்லாவற்றையும் கான்கிரீட்டிலேயே போட்டுவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் டம்ளரையும் கரண்டியையும் வைத்து எனக்கு விளக்கினாள். "இந்தக் கரண்டிதான் நீ" என்றாள். எனக்காக யாரும் அதற்கு முன் இவ்வளவு யோசித்ததில்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

படத்தில் காற்று வரும் பக்கத்தைக் காட்ட ஓர் அம்புக்குறி உண்டு. அவள் அலுவலகத்தில் அந்த அம்பை யாரும் மதிப்பதில்லை. ஒரு படத்தை எடுத்து இன்னொரு இடத்துக்குப் பொருத்தும்போது, இது எதற்கு அடைசலாக என்று அழித்துவிடுவார்கள். பல வருஷம் கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டு, இந்த முறை அண்ணி ஒரு வேலை செய்தாள். கணினியில் அந்த அம்பைக் கட்டடத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டாள். கட்டடம் எங்கே போனாலும் அம்பும் கூடவே போகும். அழிக்க முடியாது.

எங்கள் வார்டுக்குக் கிடைத்த மனை தெருவுக்கு எதிர்ச்சாரியில். அங்கே தெரு கிழக்குப் பக்கம் வரும். மனை இப்படி மாறினால் அந்தப் பிரிவில் செய்வது ஒன்றுதான், கணினியில் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். ஒரு விசையைத் தட்டினால் போதும், முன்வாசல் தெருவைப் பார்த்து வந்துவிடும். மனைக்குப் பொருத்துவது பக்கத்து மேஜைக்காரரின் வேலை. நல்ல மனிதர், அண்ணியிடம் மரியாதை உள்ளவர். அவர் திருப்பினார். கட்டடம் திரும்பியது. பூட்டியிருந்த அம்பும் கூடவே திரும்பியது. வடக்கு மேலே இருந்ததால் வடக்கு வடக்காகவே இருந்தது. காற்று மட்டும் காகிதத்தில் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது.

அந்தத் தாள் அண்ணியிடமும் வந்தது. ஒரே மாதிரித் தாள்களின் கட்டுக்குள் அதுவும் ஒன்று. அவள் முதலில் பார்ப்பது அம்பைத்தான். அம்பு ஜன்னலைப் பார்த்துச் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

படம் போடுகிறவர்கள் கட்டுகிற இடத்துக்குப் போகும் வழக்கம் அங்கே கிடையாது. அது வேறு பிரிவின் வேலை, போனால் மூக்கை நுழைப்பதாக அர்த்தம். அதனால் கட்டி, வெள்ளையடித்து, திறப்புவிழா நடத்தி, நாங்கள் டயர் கடை மாடியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டு புது இடத்துக்குப் போகும்வரை அண்ணி அதைப் பார்க்கவில்லை. திறப்புவிழாவுக்கு அவளைக் கூப்பிடவும் இல்லை. கட்டடத்தைக் கட்டியவர்கள் என்று மேடையில் பொன்னாடை வாங்கியவர்களில் ஒருவருக்காவது கரண்டி எது, டம்ளர் எது என்று தெரிந்திருக்காது.

எனக்கோ தலைகால் புரியவில்லை. முதல் நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அண்ணி, உங்க கூடம் இருக்கே, அடடா! பாதிப் பேரு சாய்தளத்துல ஏறும்போதே நோய் போயிடுச்சுங்கிறாங்க. அப்புறம் அந்தக் காத்து! பேப்பரெல்லாம் பறக்குது. மேல கல்லை வெச்சுத்தான் எழுதறேன். அந்த இருமல் பெஞ்சுப் பக்கமிருந்து நேரா என் மேஜைக்கு வருது பாருங்க, ஜிலுஜிலுன்னு..."

"என்ன சொன்ன?" என்றாள் அண்ணி.

"ஜிலுஜிலுன்னு வருது."

"அதுக்கு முன்னாடி. எங்கிருந்து வருது?"

"இருமல்காரங்க உட்கார்ற பெஞ்சுப் பக்கமிருந்து."

"உன் மேஜைப் பக்கமிருந்து அந்த பெஞ்சுக்குன்னு சொல்றியா?"

"இல்ல அண்ணி. அங்கிருந்து எனக்கு."

அவள் முகம் சுண்டிப்போனது. கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். அண்ணன், "என்ன ஆச்சு?" என்று கேட்டான். அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, அலுவலகப் பையிலிருந்த தாள் கட்டை எடுத்துத் தரையில் பரப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "நான்தான்" என்றாள். "நான்தான் பூட்டினேன்." எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னபோதுதான் புரிந்தது. பழைய மாடியில் காற்றே இல்லை. இங்கே நல்ல காற்று இருந்தது, ஆனால் அது இருமல்காரர்களின் மூச்சை வாரி எடுத்துக்கொண்டு வந்து குழந்தைகளின் முகத்தில் கொட்டுகிற காற்று.

மறுநாள் காலையில் என்னோடு வந்து பவுடரை ஊதிப் பார்த்தாள். அது பெஞ்சைத் தாண்டி, என் மேஜையைத் தாண்டி, தாய் மடியில் இருந்த ஒரு குழந்தையின் தலைமேல் போய் இறங்கியது. இந்த முறை யாராவது கேட்டிருந்தால் என் அண்ணி என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே அவள் தலைமைப் பொறியாளரிடம் போனாள். அவருக்கு அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் வரும். அவர் தாளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்பு சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"அம்பு சரியா இருக்கு சார். காத்து படத்தைப் பார்த்து வீசாது."

பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் பாவம், மென்று விழுங்கினார். அண்ணியே குறுக்கிட்டு, "அவர் மேல தப்பில்ல. பூட்டினது நான், கையெழுத்துப் போட்டது நான். என் பேரையே எழுதுங்க. பின்சுவர்ல காத்தை இழுத்து வெளிய தள்ற பெரிய விசிறி வெக்கணும், இல்ல அந்த கான்கிரீட்டை உடைச்சு இடம் மாத்தணும். இதே மாதிரி திருப்பின மத்த வார்டுலயும் செய்யணும்" என்றாள்.

"உங்க பேரை எழுதினா கட்டடம் திரும்பிடுமாம்மா?" என்றார் அவர். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "ஒப்படைச்சாச்சு. மாதிரிக் கட்டடம்னு வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க. இப்ப போய் உடைக்கணும்னு எழுதினா மேல என்ன கேப்பாங்க? சரி, மனு குடுங்க. பார்க்கலாம்."

மனு கொடுத்தாள். கிணற்றில் போட்ட கல். மறுபடி கொடுத்தாள், சுகாதாரப் பிரிவுக்குப் போ என்றார்கள். சுகாதாரப் பிரிவில் கட்டடம் எங்கள் வேலையில்லை என்றார்கள். அங்கும் இங்கும் பந்தாடினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட கெட்டவரில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. எல்லோரும் அவளை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கேட்டார்கள், உச்சுக்கொட்டினார்கள்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன் நான். ஒரு மடக்கு மேஜையைத் தூக்கிப் பின்சுவர் பக்கம் போட்டுக்கொண்டேன். இருமல்காரர்களை முன்னால், ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கைகழுவ, மருந்து எடுக்க, தடுப்பூசிப் பெட்டியைத் திறக்க ஒவ்வொரு முறையும் முன்னால் ஓடிவர வேண்டும். ஓடினேன். கொஞ்ச நாள்தான். ஆய்வுக்கு வந்த அதிகாரி வாசலில் நுழைந்ததும், "என்ன இது, வர்றவங்களுக்கு முதல்ல தெரியறதே இருமல்காரங்களா? பார்க்க நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். அண்ணியின் படம்தான். "இதுல எப்படி இருக்கோ அப்படித்தான் இருக்கணும். இது மாதிரிக் கட்டடம்" என்றார். நான் பதில் பேசினேன், கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். மேஜை மடங்கி மூலைக்குப் போனது. பிறகு பின்சுவர்த் திறப்பை அட்டை வைத்து அடைத்துப் பார்த்தோம். மத்தியானத்துக்குள் கூடம் அடுப்பு மாதிரி ஆகி ஒரு பிள்ளைத்தாய்ச்சி மயங்கி விழுந்தாள். அட்டையைப் பிய்த்து எறிந்தேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டேன். கைக்குழந்தைகளுக்கு யார் போடுவது?

அதன் பிறகு அண்ணி தினமும் சாயங்காலம் என்னைக் கேட்பது ஒரே கேள்வி. "இன்னிக்கு எத்தனை பேரு அந்த பெஞ்சுல?" முதலில் உண்மையைச் சொன்னேன். பிறகு குறைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவளும் அதைக் கண்டுபிடித்துவிட்டுக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் சிரிப்பு குறைந்துவிட்டது. அண்ணன் மலையில் சாய்தளம் கதையை ஒரு முறை எடுத்தான், யாரும் சிரிக்காததால் பாதியில் விட்டுவிட்டான்.

எனக்கு இருமல் வந்தபோது மழைக்காலம். அதனால் சளி என்று நினைத்தேன். நர்ஸுக்குத்தான் தன் உடம்பு கடைசியில் தெரியும். எடை குறைந்தது, வேலைச்சுமை என்றேன். ராத்திரி வேர்த்தது, புழுக்கம் என்றேன். அண்ணிதான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை செய்யவைத்தாள். காசநோய் என்று வந்தது. மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் நோய்தான், எத்தனையோ பேருக்கு நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து, அண்ணன் மகள் "அத்தை" என்று ஓடி வந்தபோது, கிட்ட வராதே என்று கையைக் காட்டி நிறுத்தினேனே, அப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணி என் அறை வாசலில் நின்றாள். "நான் வரைஞ்சது" என்றாள்.

"சும்மா இருங்க அண்ணி. எதை எடுத்தாலும் உங்க பேரு இருக்கணும் உங்களுக்கு!" என்று எரிந்து விழுந்தேன். "பஸ்ஸுல போறேன், மார்க்கெட்டுக்குப் போறேன், வீடு வீடாப் போறேன். எங்க பிடிச்சதுன்னு யாரு சொல்ல முடியும்?"

அவளைத் தேற்றத்தான் சொன்னேன். அடுத்த வாரம் என் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு அவள் தலைமைப் பொறியாளரிடம் போனாள். அவர் படித்துவிட்டு, உண்மையிலேயே கலங்கிப்போய், "ஐயையோ, உங்க நாத்தனாரா?" என்றாராம். பிறகு, "ஆனா எங்க பிடிச்சதுன்னு யாரும்மா சொல்ல முடியும்?" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நான் படுத்திருந்த மாதங்களில் அவள் படத்தைத் திருத்தி வரைந்தாள். எந்தப் பக்கம் தெரு இருந்தாலும் காற்றைக் கெடுக்காத மாதிரி, மேஜையும் பெஞ்சும் இடம் மாற்றிக்கொள்ளும்படி. கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குள் பழைய படத்தையே இன்னும் பல வார்டுகளில் கட்டுவதாக முடிவாகி, ஒப்புதலும் வந்துவிட்டது. ஒப்புதல் வந்த படத்தில் ஒரு கோட்டை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். இடவலமாகத் திருப்பிய தாள்கள் கையெழுத்துக்கு அவள் மேஜைக்கு வந்தன. போடமாட்டேன் என்றாள். யாரும் அதட்டவில்லை. தாள்களைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளினார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு போட்டார். அண்ணியைச் சுற்றுச்சுவர் பிரிவுக்கு மாற்றினார்கள். விளையாட்டுத் திடலுக்கு மதில், தண்ணீர்த் தொட்டிக்கு மதில், காலி மனைக்கு மதில். ஜன்னலே வராத வேலை.

உடம்பு தேறி, நோய் பரவாது என்று சான்றிதழும் வந்து, நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. வேறு வார்டு கேட்டிருந்தேன், காலியிடம் இல்லை என்றார்கள். முந்தின நாள் அண்ணி என் துணியை மடித்துக்கொண்டே, "வேலைய விட்டுடேன்" என்றாள். அவள் என்னிடம் அதுவரை எதையும் இப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. "உங்க அண்ணன் சம்பளமும் என் சம்பளமும் போதும். விட்டுடு."

"நான் விட்டா அந்த மேஜையில வேற ஒருத்தி உட்காருவா, அண்ணி."

அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

காலையில் கூடவே வந்தாள். என் இடத்தில் ஒப்பந்தத்தில் ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். சின்ன வயசு, நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அக்கா, வந்துட்டீங்களா! உட்காருங்க" என்று மேஜையை எனக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் குழந்தைகள் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். முகக்கவசம் தாடையில் தொங்கியது. மூச்சு முட்டுகிறதாம். கூட வந்திருப்பது யாரென்று அந்தப் பெண் கேட்டாள். என் அண்ணி, இந்தக் கட்டடத்துக்குப் படம் போட்டவள் என்று சொன்னேன். "நீங்கதான் இதை வரைஞ்சவங்களா!" என்று அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

எதிர் பெஞ்சில் இருமல்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஓரத்தில் எனக்குப் பழக்கமான சலவைக்காரம்மா. நாள்பட்ட இருமல், மாத்திரையைப் பாதியில் விடுவதும் திரும்ப வருவதுமாக இருப்பவள். ஒரு பாட்டம் இருமி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தலைக்கு மேலே வந்த காற்றுக்கு முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பப்பா, என்ன காத்து! இஸ்திரிப் பெட்டி பக்கத்துல வெந்துகிட்டுக் கிடக்கிற உடம்பு, இங்க வந்து உட்கார்ந்தாத்தான் உசுரே வருது. யாரு கட்டினாங்களோ, புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

"இவங்கதாம்மா!" என்றாள் நிறைமாதக்காரி, பெருமையாக அண்ணியைக் காட்டி. "இவங்கதான் படம் போட்டவங்க."

சலவைக்காரம்மா எழுந்து வந்தாள். அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்களை மாதிரி ஆளுங்களுக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கியே தாயி, நீ நல்லா இருப்ப" என்றாள். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் அண்ணியைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவர் கும்பிட்டார். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் மேஜைமேல் பறந்த காகிதத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சலவைக்காரம்மாவுக்கு நின்ற இடத்திலேயே மறுபடி இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பு குலுங்கியது, விழுந்துவிடுவாள் போலிருந்தது. அண்ணி அவள் தோளைச் சுற்றிக் கைபோட்டுத் தாங்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "வாங்கம்மா, உட்காருங்க" என்று மெல்ல நடத்திக் கூட்டிப்போய் அதே பெஞ்சில் உட்காரவைத்தாள். அந்தக் கூடத்தில் அவளை உட்காரவைக்க வேறு இடம் இல்லை.